கைப்பிடி

கருங்குன்று மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. கார்த்திகை தீபத்துக்கு மலையுச்சியில் விளக்கேற்றும் செம்புக் கொப்பரையை மூங்கில் தண்டில் கட்டி, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவராகத் தோளில் சுமந்துதான் கொண்டு போவார்கள். வழியில் மண்டபங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு மண்டபத்திலும் ஆள் மாறும்.

எல்லோரும் சுமந்தாலும் கடைசி மண்டபத்திலிருந்து உச்சி வரை சுமக்கிற இரண்டு பேருக்குத்தான் பெயர். அவர்களுக்கு மாலை விழும். தலையில் பரிவட்டம் கட்டுவார்கள். அடுத்த கார்த்திகை வரை ஊரில் அவர்களைக் கொப்பரைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

மாசிலாமணிக்கு அந்தப் பெயர் வேண்டியிருந்தது.

அவர் அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுநாளே மடத்துக்கு வந்துவிட்டார். வீட்டில் சும்மா உட்கார்ந்தால் உடம்பு துருப்பிடித்துவிடும் என்று சொல்லிக்கொண்டார். காலையில் மலை ஏறுவார், மடத்துத் தோட்டத்துக்குத் தண்ணீர் சுமப்பார், சாயங்கால வழிபாடு முடிந்துதான் வீடு திரும்புவார்.

மடத்தின் தலைவி ஞானாம்பிகை அம்மைக்கு அவருடைய மகள் வயசுதான் இருக்கும். அதில் மாசிலாமணிக்கு ஒரு குறையும் இல்லை. மனதார "அம்மா" என்றுதான் அழைப்பார்.

காவி கட்டுவதற்கு முன்னால் அம்மை ஓர் ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவு வார்டில் நர்ஸாக இருந்தவர். மடத்துக்கு யார் வந்தாலும் முகத்தைப் பார்ப்பதற்கு முன் நடையைப் பார்ப்பார் என்று சீடர்கள் கேலி பேசுவார்கள். அது கேலியே இல்லை, அவர் அப்படித்தான் பார்ப்பார்.

அந்த வருஷம் ஐப்பசியில் ஒரு நாள் சாயங்கால வழிபாடு முடிந்தது. எல்லோரும் எழுந்து போனார்கள். மாசிலாமணி மட்டும் கல் தரையில் பத்மாசனத்திலேயே உட்கார்ந்திருந்தார். கூட்டம் கலைந்த பிறகு தூணைப் பிடித்து மெல்ல எழுந்தார். திரும்பினால் அம்மை நின்றுகொண்டிருந்தார்.

"கால் எப்படி இருக்கு ஐயா?"

"நல்லாருக்கும்மா."

"வீக்கம்?"

"எதுல?"

"வலது முட்டியில. வேட்டியைத் தாண்டித் தெரியுது."

மாசிலாமணி வேட்டியைச் சரிசெய்தார். சரிசெய்து என்ன ஆகப்போகிறது, முட்டி ஒரு சுற்றுப் பெருத்துத்தான் இருந்தது.

"கொப்பரை தூக்கணும்லா. அதுக்குப் பழகுதேன். மணல் மூட்டையத் தோள்ல வச்சுக்கிட்டு மலை ஏறுதேன்."

"எந்தத் தோள்?"

"வலதுதான். எல்லாம் வலதுதான் நமக்கு."

"எத்தனை நாளா வலிக்குது?"

"அது கெடக்கு. தாங்கிக்கிடுதேன்." அவர் நிமிர்ந்து நின்றார். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "அம்மா, ஒண்ணு கேக்கேன். வலியைத் தாங்குறது தவம்தான?"

அம்மை பதிலுக்கு வேறொன்று கேட்டார்.

"நீங்க பஸ் ஓட்டும்போது அடியில சத்தம் கேட்டா என்ன செய்வீங்க?"

"ஓரங்கட்டிட்டு எறங்கிப் பார்ப்பேன். டிப்போவுல சொல்லுவேன்."

"பஸ் தவம் பண்ணுதுன்னு விட்டுட மாட்டீங்களா?"

மாசிலாமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் கொஞ்சம் கோபமும் வந்தது.

"பஸ் வேற, ஒடம்பு வேறல்லா அம்மா."

"வேறதான். பஸ்ஸுக்கு ஸ்பேர் கிடைக்கும்."

மறுநாள் அம்மை அவருக்கு ஒரு நாற்காலியைக் காட்டினார். கை இல்லாத மரநாற்காலி. மலை ஏற வேண்டாம், மூட்டை தூக்க வேண்டாம், தரையில் மடக்கி உட்கார வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழ வேண்டும், எழுந்த மாதிரியே மெதுவாக உட்கார வேண்டும். களைத்தால் காலை நேராக நீட்டித் தூக்கிப் பிடிக்க வேண்டும்.

"இம்புட்டுதானா?" என்று கேட்டார் மாசிலாமணி.

"இம்புட்டுதான். மெதுவா உட்காரணும், தொப்புன்னு விழக் கூடாது."

அவர் தொப்பென்றுதான் விழுந்தார். பல வருஷம் டிரைவர் சீட்டில் அப்படித்தான் உட்கார்ந்து பழக்கம். மெதுவாக உட்காரப் பார்த்தபோது தொடை நடுங்கியது. உள்ளூர வெட்கமாகப் போய்விட்டது. மலையையே ஏறுகிறவனுக்கு ஒரு நாற்காலியில் இறங்கி உட்காரத் தெரியவில்லை.

மடத்துச் சமையல்காரர் உலகநாதன் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். அவர் வாய் சும்மா இருக்காது.

"என்ன, நாற்காலிச் சாமி! தரிசனம் எத்தனை மணி வரைக்கும்?"

"ஒமக்குச் சாம்பார் கருகுதுவே. அதப் பாரும்."

நாற்காலிச் சாமி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. மாசிலாமணி முனகிக்கொண்டே செய்தார். நாள் போகப் போகத் தொடை நடுங்குவது நின்றது. வீக்கம் வடிந்தது. ஒரு நாள் காலையில் தோட்டத்துக்கு நடக்கும்போதுதான் முட்டியை மறந்து நடக்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. சந்தோஷம் தாங்கவில்லை. நேரே அம்மையிடம் போனார்.

"முட்டி சரியாயிட்டும்மா. உச்சிக்கு நான் தூக்கலாம்லா?"

"அப்படி என்ன உச்சி மேல ஆசை?"

"ஆசை இல்லம்மா, நேர்ச்சை. எம்பொண்டாட்டி நேர்ந்துக்கிட்டது."

அவருடைய மனைவி பெயர் சங்கரவடிவு. போன வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. மாவுக்கட்டைப் பிரித்தபோது கை திரும்பவில்லை. சாவியைப் பூட்டில் போட்டுத் திருக முடியவில்லை, தோசையைத் திருப்ப முடியவில்லை. கை சரியானால் என் வீட்டுக்காரர் கொப்பரை சுமப்பார் என்று அவள் மலையைப் பார்த்துக் கும்பிட்டிருக்கிறாள். கை முக்கால்வாசி சரியாகிவிட்டது.

"சுமக்கலைன்னா அவ மனசு கெடந்து அடிச்சுக்கிடும்" என்றார் மாசிலாமணி. "அதான்மா, முட்டி வலியைச் சொல்லாம மறைச்சேன். சொன்னா நீங்க விடமாட்டீங்கன்னுதான்."

"எப்படி வழுக்கினாங்க?"

"ஈரந்தான். அவளுக்கு எப்பவும் ஒரு அவசரம்."

அம்மை உடனே ஒரு முடிவு சொன்னார்.

"நாளைக்கு உங்க வீட்டுக்குப் பிட்சைக்கு வரேன்."

மாசிலாமணிக்குக் கால் தரையில் பாவவில்லை. மடத்துத் தலைவி சீடர் ஒருவர் வீட்டுக்குப் பிட்சைக்குப் போவது லேசில் நடக்கிற காரியமில்லை. உச்சிக்குத் தூக்குகிறவர் வீட்டுக்குத்தான் தீபத்துக்கு முன்னால் போவார்கள். தனக்குத்தான் என்று அவர் முடிவே செய்துவிட்டார்.

வீடு அமர்க்களப்பட்டது. சோப்புத் தண்ணீர் ஊற்றி டைல்ஸ் தரையைப் பளபளவென்று கழுவினார். வாசலுக்கு ஒன்றும் கூடத்துக்கு ஒன்றுமாகப் புதுக் கால்மிதி வாங்கிப் போட்டார். பாத பூஜைக்குப் பித்தளைத் தாம்பாளம், பால், பன்னீர் எல்லாம் தயாராக இருந்தன. சங்கரவடிவு விடிந்ததிலிருந்து அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

அம்மை வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையைப் பார்த்தார். கால்மிதியைப் பெருவிரலால் லேசாகத் தள்ளினார். அது சறுக்கிக்கொண்டு கூடத்தின் நடு வரை போனது.

"ஒரு கை குடுங்கம்மா" என்றார் சங்கரவடிவிடம். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார்.

மாசிலாமணி தாம்பாளத்தோடு முன்னால் வந்தார்.

"அதைக் கீழே வையுங்க ஐயா. இந்தத் தரையில பாலும் தண்ணியும் ஊத்தினா இன்னிக்கு ரெண்டு பேருக்காவது கட்டுப் போடணும். குளிக்கிற இடம் எங்க இருக்கு?"

கால் கழுவிக்கொள்ளக் கேட்கிறார் என்று நினைத்து மாசிலாமணி பின்பக்கம் வழி காட்டினார். குளியலறை ஒரு படி கீழே இருந்தது. உள்ளே இருட்டு. அம்மை சுவிட்சைப் போட்டார். விளக்கு எரியவில்லை.

"பல்பு போயிட்டு" என்றாள் சங்கரவடிவு. "கொஞ்ச நாளாச்சு."

அம்மை அவளிடம் கேட்டார். "விழுந்த அன்னிக்கு எங்க நின்னீங்க?"

"இந்தா, இங்கனதான்."

"எதைப் பிடிச்சீங்க?"

"கொழாயை. அது கையோட வந்துட்டு."

"அப்புறம்?"

"அப்புறம் கையை ஊணினேன்." அவள் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். மணிக்கட்டு கொஞ்சம் கோணிச் சேர்ந்திருந்தது.

"இப்ப எதைப் பிடிச்சுக்கறீங்க?"

"சாமியத்தான்."

அம்மை வாய்விட்டுச் சிரித்தார். சங்கரவடிவும் சிரித்தாள். மாசிலாமணி மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு கைப்பிடி வச்சிருக்கலாமே" என்றார் அம்மை.

"சொன்னேம்மா. மலைக்குப் போயிட்டு வந்து வைக்கேன்னாக."

"எப்ப?"

"தெனமுந்தான்."

பிறகு சாப்பாடு. அம்மை இலையில் உட்கார்ந்து முருங்கைக்கீரைப் பொரியலை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நல்ல சாப்பாட்டைப் பார்த்தால் அவர் முகம் மலர்ந்துவிடும், சந்நியாசத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

"நீங்க கீரை சாப்பிடுவீங்களா?" என்று சங்கரவடிவைக் கேட்டார்.

"அவுக சாப்பிட்டு மிச்சம் இருந்தா."

"மாத்திரை?"

"எலும்பு தேஞ்சிருக்குன்னு டாக்டர் குடுத்தாக. தீந்துட்டு. கைதான் சரியாயிட்டேன்னு அப்புறம் வாங்கல."

அம்மை பொரியல் சட்டியை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். "உட்காருங்க. இப்பவே சாப்பிடுங்க. மாத்திரை நாளைக்கு இந்த வீட்டுக்கு வந்துடும். வந்துடும்தானே ஐயா?"

"வந்துரும்" என்றார் மாசிலாமணி.

அம்மை கிளம்பும்போது வாசலில் நின்று மாசிலாமணி மெல்லக் கேட்டார். "அம்மா, கொப்பரை?"

"தூக்கறவருக்கு ஒரு பரீட்சை இருக்கு. அந்தக் குளியலறையில ஒரு கைப்பிடி வையுங்க. நான் வந்து பிடிச்சுத் தொங்கிப் பார்க்கிறேன்."

மாசிலாமணிக்குச் சப்பென்று போய்விட்டது. இந்த மடத்தில் பரீட்சை என்றால் மௌன விரதம் என்பார்கள், பட்டினி என்பார்கள். கைப்பிடி வைத்து யாராவது மோட்சத்துக்குப் போயிருக்கிறார்களா? ஆனாலும் அம்மை சொல்லிவிட்டார். சாயங்காலமே ஹார்டுவேர் கடைக்குப் போய், மின்னுகிற ஸ்டீல் கைப்பிடி ஒன்றை வாங்கினார். சுவரில் துளை போட்டு, கையில் கிடைத்த சின்னத் திருகாணிகளை முடுக்கி மாட்டினார். பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது.

இரண்டொரு நாளில் அம்மை வந்தார். கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்தார். முட்டியை மடக்கினார். உடம்புப் பாரத்தை மொத்தமாக அதில் போட்டார்.

சுவர்ப் பூச்சோடு கைப்பிடி பெயர்ந்து வந்தது. சிமெண்ட் தூள் கொட்டியது. அம்மை விழவில்லை. மடக்கிய முட்டியோடு அப்படியே நின்றார், இது வரும் என்று தெரிந்துதான் பிடித்திருந்தார்.

"பூச்சுல நின்னிருக்கு ஐயா. செங்கலுக்குப் போகலை."

கைப்பிடியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த நாள் மாசிலாமணி மலைப் பக்கமே போகவில்லை. பக்கத்துத் தெரு எலெக்ட்ரீஷியனிடம் டிரில் மெஷினை இரவல் வாங்கினார். நீளமான போல்ட்டுகள் வாங்கினார். குளியலறைத் தரையில் மண்டியிட்டுச் சுவரைத் துளைத்தார். பூச்சு போய்ச் செங்கல் வந்தது. சிவப்புத் தூள் பறந்தது. தூள் அடங்கட்டும் என்று ஒரு குவளைத் தண்ணீரைத் தெளித்துவிட்டு எழப் பார்த்தார்.

முட்டி பிடித்துக்கொண்டது. வெகுநேரம் மண்டியிட்டதால் வந்த பிடிப்பு. ஈரத் தரையில் கால் நழுவி, அப்படியே பின்னால் உட்கார்ந்துவிட்டார். அடி ஒன்றும் படவில்லை. ஆனால் எழ முடியவில்லை.

கையை நீட்டினார். குழாய் இருந்தது. குழாயைப் பிடித்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். வாளி இருந்தது, அது கையோடு நகர்ந்து வந்தது. சுவர் வழவழவென்று இருந்தது. கைப்பிடி இன்னும் பொருத்தாமல் மூலையில் கிடந்தது.

கீழே உட்கார்ந்து பார்த்தால் அந்த அறை வேறு மாதிரி இருந்தது. கதவின் தாழ்ப்பாள் எட்டாத உயரத்தில் இருந்தது. அவர் இந்த அறையை இதுவரை நின்றபடியேதான் பார்த்திருக்கிறார்.

வெளியே படியில் உட்கார்ந்து சங்கரவடிவு அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியின் சத்தம் கேட்டது.

"வடிவு."

"என்னங்க?"

"அன்னிக்கு விழுந்தேல்லா. எம்புட்டு நேரம் கெடந்தே?"

கத்தியின் சத்தம் நின்றது.

"நீங்க மலையில இருந்து வார வரைக்கும்."

மாசிலாமணிக்கு அந்த நாள் நினைவு வந்தது. அன்றைக்கு மடத்தில் அன்னதானம். பந்தி பரிமாறினார். பிறகு உச்சியில் காற்று நன்றாக இருக்கிறதென்று போய்த் தியானத்தில் உட்கார்ந்தார். அன்றைக்குத் தியானம் நன்றாகக் கூடியது என்று உலகநாதனிடம் சொன்னதுகூட ஞாபகம் இருந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றும்போதே "வடிவு, காப்பி" என்று குரல் கொடுத்தார்.

"நீ சொல்லவே இல்லையே."

"நீங்க கேக்கலையே. கட்டுப் போடக் கூட்டிட்டுப் போனீங்க. அதுக்கப்புறம் எதுக்கு அந்தப் பேச்சு?"

"கூப்பிட்டிருக்கலாம்லா."

"யாரை?"

அவருக்குக் கண் கலங்கியது. தரையில் உட்கார்ந்திருந்ததில் ஒரு வசதி, யாரும் பார்க்கவில்லை.

"நீங்க என்ன, அங்கேயே உக்காந்துட்டீங்களா?" என்றாள் அவள்.

"முட்டி பிடிச்சுக்கிட்டு. எந்திரிக்க முடியல."

அவள் கத்தியைக் கீழே போட்டுவிட்டு ஓடி வரப் பார்த்தாள்.

"ஓடாத! ஈரம். மெதுவா வா. வந்து கையக் குடுக்காத, நீயும் சேந்து விழுவே. மர நாற்காலிய எடுத்துட்டு வா."

நாற்காலி வந்தது. படியோடு ஒட்டி, காய்ந்த இடமாகப் பார்த்து அதை வைக்கச் சொன்னார். தவழ்ந்து போய் இரண்டு கையையும் அதன்மேல் ஊன்றினார். ஒரு காலை முன்னால் வைத்தார். கொஞ்சம் மூச்சு வாங்கினார். பிறகு மெதுவாக, இத்தனை நாள் உலகநாதனின் கேலிக்கு நடுவே பழகிய அதே தொடையை நம்பி எழுந்து, திரும்பி அதிலேயே உட்கார்ந்தார்.

சங்கரவடிவு முந்தானையால் அவர் தலையிலிருந்த செங்கல் தூளைத் தட்டிவிட்டாள்.

"காப்பி போடட்டா?" என்று கேட்டாள்.

"நான் போடுதேன். நீ உக்காரு."

"உங்களுக்குக் காப்பி போடத் தெரியுமா?"

"பஸ்ஸு ஓட்டத் தெரிஞ்சவனுக்குக் காப்பி போடத் தெரியாதா?"

தெரியவில்லை. கசாயம் மாதிரி இருந்தது. அவள் முகம் சுளிக்காமல் குடித்து முடித்தாள்.

அன்று மாலைக்குள் கைப்பிடி செங்கலில் இறங்கி நின்றது. இன்னொன்றும் வாங்கி வந்து படியோரம் வைத்தார். பல்பு மாட்டினார். ஈரத்தில் வழுக்காத ரப்பர் விரிப்பு வாங்கிப் போட்டார். கூடத்தில் கிடந்த புதுக் கால்மிதிகளைச் சுருட்டிப் பரண்மேல் எறிந்தார். தள்ளிப்போட்டிருந்த மாத்திரையை வாங்கப் போனவர், டாக்டர் முறைப்படி பார்த்துத்தான் தர வேண்டும் என்று கடைக்காரர் சொன்னதும், மறுநாள் அவளையே கூட்டிக்கொண்டு போனார். முதல் கைப்பிடியைத் தவிர இதில் எதுவும் பரீட்சையில் சேர்ந்ததில்லை.

அம்மை வந்து கைப்பிடியில் தொங்கிப் பார்த்தார். அது அசையவில்லை. ஒரு முறை ஆடிக்கூடப் பார்த்தார்.

"பாஸ்" என்றார். "கொப்பரை தூக்கலாம்."

"சரிம்மா" என்றார் மாசிலாமணி.

"எந்தப் பகுதின்னு கேட்கலையே?"

"நீங்க சொல்லுங்க."

"இறங்கும்போது. கீழ் மண்டபத்துல இருந்து மடத்து வாசல் வரைக்கும்."

அந்தப் பகுதியை யாரும் கேட்டு வாங்குவதில்லை. தீபம் முடிந்து கொப்பரை இறங்கி வரும்போது மாலையும் கிடையாது, மேளமும் கிடையாது. ஆள் கிடைக்காமல் சமையல்காரரைப் பிடித்துத் தூக்கச் சொன்ன வருஷங்களும் உண்டு. ஐப்பசியில் இதைச் சொல்லியிருந்தால் மாசிலாமணி மடத்தை விட்டே போயிருப்பார்.

"நேர்ச்சைக்குப் போதும்லா அம்மா?"

"சுமப்பார்னுதானே நேர்ந்துக்கிட்டாங்க?"

"ஆமா."

"அப்ப சுமங்க. ஏறும்போது மூச்சுத்தான் வாங்கும். முட்டி பிசகுறதும் கால் மடங்குறதும் இறங்கும்போதுதான். படியைப் பார்த்து நடக்கிற ஆள் வேணும் எனக்கு."

தீபத்தன்று சாயங்காலம் மாசிலாமணியும் சங்கரவடிவும் தெருமுனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மலையுச்சியைப் பார்த்தார்கள். விளக்கு தெரிந்ததும் அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கோணல் மணிக்கட்டோடு இரண்டு கையும் சேர்ந்து உயர்ந்தன.

தீப நாட்கள் முடிந்து ஒரு காலையில் கொப்பரை இறங்கி வந்தது. கீழ் மண்டபத்தில் மாசிலாமணி முன்னால் தோள் கொடுத்தார். பின்னால் உலகநாதன்.

"என்னவே நாற்காலிச் சாமி, வேகமாப் போவோமா? அடுப்புல பருப்பு கெடக்கு."

"பருப்பு வெந்துக்கிடும். படியப் பாத்து வாரும். பேசாதேயும்."

ராத்திரி பெய்த மழையில் படி நனைந்திருந்தது. மாசிலாமணி ஒவ்வொரு படியிலும் முழுப் பாதத்தையும் வைத்தார். முட்டியைக் கொஞ்சம் மடக்கியே வைத்திருந்தார். நடுவில் ஓரிடத்தில் நிறுத்தி, தண்டை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டார். உலகநாதனும் பெருமூச்சு விட்டபடி தோள் மாற்றினார்.

படியையே பார்த்து நடந்ததால் மாசிலாமணிக்கு வாசல் வந்தது தெரியவில்லை. கொப்பரையைக் கீழே வைத்து நிமிர்ந்த பிறகுதான் பார்த்தார். வாசலில் சங்கரவடிவு நின்றுகொண்டிருந்தாள். அடி ரப்பராக இருந்த புதுச் செருப்பு போட்டிருந்தாள். கீழே இறக்கிய கொப்பரையை இத்தனை கிட்டத்தில் அவள் பார்த்ததே இல்லை.

உள்ளே நெய்யில் படிந்த கரி பிசுபிசுவென்று இருந்தது. அம்மை அதைத் தொட்டுச் சங்கரவடிவின் நெற்றியில் வைத்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். உலகநாதன் பருப்பைப் பார்க்க ஓடினார்.

மாசிலாமணி தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டே அம்மை பக்கத்தில் வந்து நின்றார். மனசு நிறைந்திருந்தது. இருந்தாலும் ஒன்று பாக்கி இருந்தது.

"அம்மா, அன்னிக்கு உங்ககிட்ட ஒண்ணு கேட்டேன். நீங்க பதிலே சொல்லல."

"என்ன கேட்டீங்க?"

"வலியைத் தாங்குறது தவம்தானான்னு."

அம்மை சங்கரவடிவு பக்கம் திரும்பினார். வாசலில் அவள் நெற்றியிலிருந்து விரலில் ஒட்டிய கரியை மணிக்கட்டில் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது தவம்னா, உங்க வீட்டுல தவசி நீங்க இல்லை ஐயா."